பிள்ளைகள் கட்டும் நாடு

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

பரிசளிப்பு விழா என்றால் மதிப்பெண்ணைப் பற்றிப் பேசுவதுதான் வழக்கம். அதைப் பேச இங்கே வேறு பலர் இருக்கிறார்கள். மதிப்பெண் அட்டையில் இடம்பெறாத ஒரு காரியத்தைப் பற்றி நான் பேச விரும்புகிறேன். பிள்ளைகள் தங்களுக்குள்ளே, நமக்குத் தெரியாமல், கட்டி ஆள்கின்ற நாடுகளைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

நாடா என்று வியக்காதீர்கள். உங்கள் பிள்ளையின் பழைய கணக்கு நோட்டைப் புரட்டினால் கடைசிப் பக்கங்களில் சில சமயம் பார்க்கலாம். ஒரு தீவின் படம் வரைந்திருக்கும். நடுவில் ஓர் ஆறு, ஆற்றின் மேல் ஒரு பாலம், மலைக்கு ஒரு பெயர், தெருவுக்கு ஒரு பெயர். பக்கத்திலே ராஜா யார், மந்திரி யார், எந்த ஊரில் எத்தனை வீடு, ஒரு காசுக்கு எத்தனை மிட்டாய் என்று பட்டியல். சில பிள்ளைகள் அந்த நாட்டுக்குக் கொடி வரைவார்கள், தபால்தலை வரைவார்கள், சட்டம் எழுதுவார்கள். இன்று தொடங்கி நாளை மறந்துவிடுகிற விளையாட்டல்ல இது. மாதக்கணக்கில், சில பிள்ளைகளிடம் ஆண்டுக்கணக்கில், வளர்ந்துகொண்டே போகும்.

இதைப் பார்த்ததும் நம் வீடுகளில் என்ன சொல்கிறோம்? "என்னடா இது கிறுக்கல்? வேல வெட்டி இல்லையா? நோட்டு என்ன சும்மாவா வருது?" என்கிறோம். அந்தப் பக்கத்தைக் கிழித்து அடுப்பிலே போட்டவர்களும் உண்டு. நான் யாரையும் குறை சொல்ல வரவில்லை. விடியுமுன் பெரட்டுக்குப் போய், வெயிலில் வெந்து, வீடு திரும்புகிற தகப்பனுக்குப் பிள்ளை படித்து முன்னேற வேண்டும் என்ற கவலை இருக்கிறது. அந்தக் கவலை நியாயமானது. ஆனால் அந்தக் கிறுக்கலுக்குள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு முறை நின்று பார்க்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள்.

முதலில் நம் தமிழிலிருந்தே தொடங்குகிறேன். 'சிற்றில்' என்று ஒரு சொல் உண்டு. சிறுமை கூட்டல் இல், அதாவது சிறிய வீடு. ஆற்றங்கரையிலும் கடற்கரையிலும் சிறுமிகள் மணலைக் கூட்டிக் கட்டுகிற விளையாட்டு வீடு அது. அதிலே மணற்சோறு ஆக்குவார்கள், பாவைக்குக் கல்யாணம் செய்வார்கள். கலித்தொகையில் கபிலர் பாடிய ஒரு பாட்டில், சிறு வயதில் எங்கள் மணல் வீட்டைக் காலால் உதைத்துக் கலைத்தானே, அந்தப் பயல்தான் இன்று வந்து நின்றான் என்று ஒரு பெண் தன் தோழியிடம் சொல்கிறாள். ஆண்டாள் தன் நாச்சியார் திருமொழியில், எங்கள் சிற்றிலைச் சிதைக்காதே என்று கண்ணனைக் கெஞ்சுவதற்காகவே ஒரு பதிகம் பாடியிருக்கிறாள். பிள்ளைத்தமிழ் நூல்களில் ஆண்பால் பிள்ளைத்தமிழுக்குப் பத்துப் பருவங்கள் உண்டல்லவா? அவற்றில் கடைசி மூன்றில் ஒன்று சிற்றில் பருவம். தெய்வமே குழந்தையாக வந்து நின்றாலும், "ஐயா, எங்கள் மண் வீட்டை மிதிக்காதே" என்று சிறுமிகள் கேட்பதாகப் புலவர்கள் பாடினார்கள்.

கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். இரண்டு நாழிகை நிற்கும் மண் வீடுதானே! கலைந்தால் என்ன நட்டம்? ஆனாலும் நம் புலவர்கள் அந்தச் சிறுமிகளின் பக்கம் நின்றுதான் பாடினார்கள். பிள்ளை கட்டியதைப் பெரியவன் மிதிப்பது சரியல்ல என்பது நம் இலக்கியத்தில் ஊறிப்போன கருத்து.

நம் தோட்டங்களிலும் சிற்றில் இருந்ததுதான். கித்தாக் கொட்டைதான் காசு, கித்தா இலைதான் நோட்டு. பால் டின்னில் அடுப்பு, சிரட்டையில் சோறு. ஒருவன் கிராணி, ஒருவன் மண்டோர், ஒருவன் கடைக்கார தவுக்கே. சம்பள நாள் வரும், கடன் வரும், சண்டை வரும், சாமி கும்பிடும் வரும். இதை விளையாடாமல் வளர்ந்தவர்கள் இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் இருப்பீர்கள்? அதிலேயே சில பிள்ளைகள் மட்டும் ஒரு படி மேலே போவார்கள். மற்றவர்கள் வீட்டுக்குப் போன பிறகும் அந்த ஊரை மனசிலேயே நடத்திக்கொண்டிருப்பார்கள். அவர்களைப் பற்றித்தான் பேசுகிறேன்.

வங்கக் கவிஞர் இரவீந்திரநாத் தாகூரை எல்லாரும் அறிவீர்கள். 1913இல் நோபல் பரிசு பெற்றவர். 1927இல் மலாயாவுக்கு வந்தபோது நம் பினாங்குக்கும் வந்து போனவர். அவர் தம் இளமைக் காலத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். கல்கத்தாவில் பெரிய வீடு; ஆனால் வேலைக்காரர்களின் காவலில் வளர்ந்த பிள்ளை. பாட்டி காலத்துப் பழைய பல்லக்கு ஒன்று மூலையில் கிடந்தது. அதற்குள் ஏறி உட்கார்ந்துகொண்டால், அந்தப் பல்லக்கு காடு மலை எல்லாம் கடந்து போகுமாம். வழியிலே புலி வரும், கொள்ளைக்காரன் வருவான். பல்லக்கு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இன்னொன்றும் எழுதியிருக்கிறார். ஆசிரியர்மார் கவனமாகக் கேட்க வேண்டும். வராந்தாவின் மரக் கம்பிகளை மாணவர்களாக வைத்துக்கொண்டு, கையில் ஒரு பிரம்புடன் அவர் பள்ளிக்கூடம் நடத்தினாராம். எந்தக் கம்பி நல்ல பிள்ளை, எந்தக் கம்பி குறும்புக்காரன் என்றெல்லாம் அவருக்குத் தெரியும். குறும்புக்காரக் கம்பிகள் அடி வாங்கி வாங்கி உருக்குலைந்து போயினவாம். பாடம் கற்றுக்கொள்வதற்கு முன்பே ஆசிரியர்களின் அடியையும் கோபத்தையும் தாம் கற்றுக்கொண்டதாக அவர் பிற்காலத்தில் எண்ணிப் பார்க்கிறார். பிள்ளை விளையாடும் உலகம் ஒரு கண்ணாடி. நாம் எப்படி நடக்கிறோமோ அதுதான் அதிலே தெரியும். அப்படி வளர்ந்த தாகூர்தான் 1901இல் சாந்திநிகேதனில் மரத்தடியில் பள்ளி தொடங்கினார்.

இனி உலகத்திலேயே மிக விரிவாகப் பதிவாகியிருக்கிற ஒரு கதைக்கு வருகிறேன். அதற்கும் நாம் கூடியிருக்கும் இந்த மண்ணுக்கும் ஒரு தொடர்பு உண்டு. புக்கிட் தெங்கா இருக்கிற இந்த செபராங் பிறைக்கு வெள்ளைக்காரன் காலத்தில் என்ன பெயர்? 'புரோவின்ஸ் வெல்லஸ்லி'. பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 1800இல் கெடா சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி இந்தக் கரையைப் பெற்றது. அப்போது இந்தியாவில் கவர்னர் ஜெனரலாக இருந்த ரிச்சர்ட் வெல்லஸ்லியின் பெயரை இதற்கு வைத்தார்கள். அவருடைய தம்பி ஆர்தர் வெல்லஸ்லி. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானை எதிர்த்து நடந்த போரில் கலந்துகொண்டவர். பின்னாளில் வெலிங்டன் கோமகன் என்ற பட்டத்தோடு, 1815இல் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்றவர்.

இங்கிலாந்தின் வடக்கே ஹாவொர்த் என்று ஒரு மலைக் கிராமம். அங்கே பிராண்டி என்ற பாதிரியார் குடும்பம். 1821இல் தாய் இறந்தாள். 1825இல் மூத்த பெண்கள் இருவரும், படிக்கப் போன விடுதிப் பள்ளியில் நோய் கண்டு, வீட்டுக்கு வந்து இறந்தார்கள். மிச்சம் நான்கு பிள்ளைகள். சார்லட், பிரான்வெல், எமிலி, ஆன். 1826 ஜூன் மாதம் தகப்பனார் லீட்ஸ் நகரிலிருந்து மகனுக்கு மரத்தால் செய்த 12 சிப்பாய்ப் பொம்மைகளை வாங்கி வந்தார். காலையில் பெட்டியைத் திறந்ததும் ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். பத்து வயதுச் சார்லட் தன் சிப்பாய்க்கு வைத்த பெயர் வெலிங்டன் கோமகன்! பிரான்வெல் தன்னுடையதற்கு போனபார்ட் என்று வைத்தான். அப்போது எமிலிக்கு ஏழு வயது, ஆனுக்கு ஆறு வயது.

அந்தப் பன்னிரண்டு சிப்பாய்களும் கப்பலேறி ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்குப் போய் ஒரு நாட்டை நிறுவினார்கள். அதன் தலைநகரம் கண்ணாடி நகரம். அதற்கு வரைபடம், அரசியல், போர், செய்தித்தாள் எல்லாம் உண்டு. நான்கு பிள்ளைகளும் அந்த நாட்டைக் காக்கும் நான்கு பூதங்கள். சிப்பாய்களின் கை அளவுக்குப் பொருந்தும்படி குட்டிக் குட்டிப் புத்தகங்களை எழுதினார்கள். காகிதம் விலை அதிகம். ஆகவே கிடைத்த துண்டுக் காகிதத்தை எல்லாம் வெட்டித் தைத்தார்கள். அச்சு எழுத்தைப் போலவே எறும்பு எழுத்தில் எழுதினார்கள். நம் பள்ளி மலரைப் போல அவர்களும் இதழ் நடத்தினார்கள். கதை, கவிதை, விளம்பரம் எல்லாம் அதிலே உண்டு. சார்லட் பல கதைகளைத் தன் பெயரில் எழுதவில்லை. 'சார்ல்ஸ் வெல்லஸ்லி பிரபு' என்ற புனைபெயரில் எழுதினாள். ஆக, நம் கரை சுமந்த அதே வெல்லஸ்லி என்ற பெயரை, எங்கோ ஒரு மலைக் கிராமத்துச் சிறுமியும் தன் விளையாட்டு நாட்டில் சுமந்திருக்கிறாள்.

1830இல் அவள் எழுதிய அப்படி ஓர் இதழ் தீப்பெட்டியை விடச் சிறியது. 20 பக்கம், நாலாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்கள். 2019இல் பாரிஸ் ஏலத்தில் அது 6 லட்சம் யூரோவுக்குப் போனது. வாங்கியவர்கள் ஹாவொர்த்தில் அவர்கள் வாழ்ந்த வீட்டை நினைவகமாக நடத்துகிற சங்கத்தார். 1830இல் யாராவது "என்ன கிறுக்கல்" என்று அதை அடுப்பில் போட்டிருந்தால்?

பிறகு மூத்த இருவரும் அங்ரியா என்ற நாட்டைப் படைத்தார்கள். இளைய இருவரும் தனியே பிரிந்து பசிபிக் கடலில் கோண்டல் என்ற தீவைப் படைத்தார்கள். 1845இல் எமிலியும் ஆனும் யார்க் நகருக்கு ரயிலில் போனபோது, வழியெல்லாம் கோண்டல் நாட்டு மாந்தராகவே நடித்துக்கொண்டு போனார்களாம். எமிலிக்கு அப்போது 26 வயது முடிந்து 27 பிறக்கும் நேரம்! இரண்டு ஆண்டு கழித்து, 1847இல், சார்லட்டின் 'ஜேன் ஐர்', எமிலியின் 'உதரிங் ஹைட்ஸ்', ஆனின் 'ஆக்னஸ் கிரே' மூன்றும் வெளிவந்தன. ஆங்கில இலக்கியத்தில் அவை இன்றும் வாழ்கின்றன.

இங்கே ஒரு தகப்பனார் எழுந்து கேட்கலாம்: "ஐயா, கற்பன சோறு போடுமா? எம்புள்ள தீவு வரைஞ்சா நாளைக்கு யார் வேல குடுப்பா?" நல்ல கேள்வி. மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும்.

அதே வீட்டில்தானே பிரான்வெல்லும் வளர்ந்தான்? அதே கண்ணாடி நகரத்தைத்தானே அவனும் கட்டினான்? அறிவில் குறைந்தவனல்ல. ஆனால் குடியிலும் அபினியிலும் சிக்கி, எடுத்த காரியம் எதையும் முடிக்காமல், 1848இல் 31 வயதில் போய்ச் சேர்ந்தான். குடி என்ன செய்யும் என்று இந்தக் கூட்டத்துக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. சார்லட் மட்டும், ஏறக்குறைய 1839இல், அங்ரியாவைக் கொஞ்ச காலம் விட்டு வரப் போகிறேன் என்று தனக்குத்தானே எழுதி வைத்துக்கொண்டு, கண்ணெதிரே உள்ள வாழ்க்கையைப் பார்த்து எழுதப் பழகினாள். கற்பனை உலகம் தானாக ஒருவரைக் கரையேற்றிவிடாது. உழைப்பும் ஒழுங்கும் சேர வேண்டும். இதை மறைத்துப் பேசினால் நான் உங்களுக்குப் பாதி உண்மைதான் சொன்னவனாவேன்.

இன்னொரு உண்மையும் உண்டு. இப்படி நாடு கட்டிய பிள்ளைகள் எல்லாரும் எழுத்தாளர் ஆவதில்லை. பி.பி.சி. நிறுவனத்தில் நேயர் ஆய்வுத் துறையை நடத்திய ராபர்ட் சில்வி என்பவர் சிறுவயதில் தாமே ஒரு நாட்டைப் படைத்து வைத்திருந்தவர். ஓய்வு பெற்ற பின், உங்களில் யாருக்காவது அப்படி ஒரு நாடு இருந்ததா என்று விளம்பரம் செய்து கேட்டார். அவரும் மனநல மருத்துவர் ஸ்டீபன் மக்கீத்தும் கடிதங்களைச் சேர்த்தார்கள். சில்வி 1981இல் காலமானார். 1991இல் மக்கீத்தும் டேவிட் கோஹனும் அதை நூலாக வெளியிட்டார்கள். 57 பேர், 64 உலகங்கள். எழுதியவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போன்ற சாதாரண மனிதர்கள். ஒருவருடைய நாட்டில் ரயில் அட்டவணை, இன்னொருவருடையதில் பள்ளிக்கூடம், வேறொருவருடையதில் பேசும் விலங்குகள். 2020இல் அமெரிக்காவில் மார்ஜரி டெய்லர் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், 8 முதல் 12 வயதுள்ள 169 பிள்ளைகளில் ஏறக்குறைய ஆறு பேருக்கு ஒருவரிடம் இப்படி ஓர் உலகம் இருந்தது. ஆகவே இது பைத்தியமுமல்ல, மேதைகளுக்கு மட்டும் வருகிற அதிசயமுமல்ல. இந்தப் பள்ளியிலும் இருக்கும். இதோ என் எதிரே தரையில் உட்கார்ந்திருக்கிற வரிசையிலேயே இருக்கும்.

அப்படியானால் இதனால் என்ன பயன்? இரண்டு பயன் எனக்குத் தெரிகிறது.

முதலாவது, தோட்ட வாழ்க்கையை எண்ணிப் பாருங்கள். ஆபீசில் துரை சொன்னது கிராணிக்கு வந்தது, கிராணி சொன்னது மண்டோருக்கு வந்தது, மண்டோர் சொன்னது அப்பாவுக்கு வந்தது, அப்பா சொன்னது பிள்ளைக்கு வந்தது. பிள்ளைக்குக் கீழே யார் இருக்கிறார்கள்? நாயும் கோழியும்தான். இன்று துரைக்குப் பதில் மேனேஜர், தோட்டத்துக்குப் பக்கத்தில் தொழிற்சாலை. ஆனால் வரிசை அப்படியேதான் இருக்கிறது. எல்லார் சொல்லையும் கேட்டுக்கொண்டிருக்கிற அந்தப் பிள்ளை, தன் நோட்டுக்குள் மட்டும் தானே சட்டம் போடுகிறான். போட்ட சட்டம் நியாயமில்லை என்று தெரிந்தால் தானே மாற்றுகிறான். முடிவெடுக்கும் பழக்கம் அங்கேதான் தொடங்குகிறது. தாயை இழந்த பிராண்டிப் பிள்ளைகளுக்கு அந்த நாடு ஆறுதலாகவும் இருந்தது. பூதங்களாகிய அவர்கள் நினைத்தால், அங்கே செத்த சிப்பாய் பிழைத்து எழுவான்.

இரண்டாவது, நம் மொழி. பிள்ளை தன் நாட்டின் மலைக்கு, ஆற்றுக்கு, ராணிக்கு எந்த மொழியில் பெயர் வைக்கிறான்? தமிழில் வைத்தால், தமிழ் அவனுக்கு வெறும் பரீட்சைப் பாடமல்ல, ஆட்சி மொழி! நாம் கூட்டம் போட்டு, தமிழை வாழ வையுங்கள் என்று முழங்குகிறோம். பத்து வயதுப் பிள்ளை ஒரு மூலையில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அதைச் செய்துகொண்டிருக்கிறான். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டுவிட்டது. இனியாவது ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்கு இதற்கெல்லாம் கொஞ்சம் நேரம் கிடைக்கும் என்று நினைத்தேன். அந்த நேரத்தைக் கைப்பேசி எடுத்துக்கொண்டது. கைப்பேசியிலும் உலகங்கள் இருக்கின்றன. பிள்ளை தானே கட்டுகிற விளையாட்டும் அதிலே உண்டு. ஆனால் பெரும்பாலானவை வேறு யாரோ கட்டி முடித்த ஊர்கள். அங்கே பிள்ளை வாடிக்கைக்காரன், ராஜா அல்ல.

ஆகவே பெற்றோர்களே, என்ன செய்ய வேண்டும்? பெரிதாக ஒன்றுமில்லை. பழைய நாட்காட்டியின் பின்பக்கத்தையும் மிச்ச நோட்டையும் பிள்ளைக்குக் கொடுங்கள். ஒரு பென்சில் போதும், டியூஷன் கட்டணம் வேண்டாம். பிள்ளை சும்மா இருக்கிற நேரத்தை எல்லாம் நிரப்பிவிடாதீர்கள். அண்ணன் தங்கை சேர்ந்து விளையாடினால், "பெரிய பையன் இன்னும் என்ன விளையாட்டு" என்று பிரிக்காதீர்கள். நோட்டைக் கேட்காமல் திறக்காதீர்கள். காட்டினால் பாருங்கள். எழுத்துப் பிழையை அன்றைக்கு மட்டும் திருத்தாதீர்கள். "இந்த ஆத்துக்கு ஏன்ப்பா இந்தப் பேரு?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். விருந்தாளி வந்த இடத்தில் காட்டிச் சிரிக்காதீர்கள். பிள்ளை சாப்பாடு, தூக்கம், பள்ளி எல்லாவற்றையும் விட்டுவிட்டு அதிலேயே மூழ்கினாலோ, பயந்து நடுங்கினாலோ, அப்போது அவனிடம் மெதுவாகப் பேசுங்கள். அங்கே கோளாறு நோட்டில் இருக்காது, வேறு எங்கோ இருக்கும்.

ஆசிரியப் பெருமக்களே, அடுத்த ஆண்டு இதற்கும் ஒரு பரிசு வையுங்கள் என்று நான் கேட்கப்போகிறேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். கேட்கமாட்டேன். பரிசு வைத்தால் அதற்கும் புள்ளி, அதற்கும் போட்டி, அதற்கும் வெளியிலே யாராவது வகுப்பு நடத்திவிடுவார்கள். நல்லெண்ணத்தோடு நாமே மிதித்ததாக ஆகிவிடும். பள்ளி நூலகத்தில் ஒரு தட்டு ஒதுக்கி, அதிலே வெள்ளைத்தாள் நோட்டுகளை அடுக்கி, "வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தமாட்டார்கள்" என்று எழுதிப் போடுங்கள். அது போதும்.

மாணவச் செல்வங்களே, உங்களில் யாருக்காவது அப்படி ஒரு நாடு இருந்தால், வெட்கப்படாதீர்கள். ஊரெல்லாம் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. வீட்டுப்பாடத்தை முடித்துவிட்டு உங்கள் நாட்டுக்குப் போங்கள். அங்கே நியாயமாக ஆட்சி செய்யுங்கள். ஏழைக்கு ஒரு வீடு கட்டுங்கள், பள்ளிக்கூடத்துக்கு நல்ல கூரை போடுங்கள், பிரம்பை ஒளித்து வையுங்கள். ஒரு நாள் இந்த நாட்டை நடத்தும் பொறுப்பும் உங்கள் கைக்கு வரும். இன்று பரிசு வாங்கியவர்களுக்கு என் பாராட்டு. வாங்காதவர்களுக்கும் அதே பாராட்டு.

 வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!